முதல் பவளத் தொட்டி: எந்தத் தேர்வு அதிக அவகாசம் தரும்?

உப்புநீரில் உயிருள்ள பவளங்களும் மீன்களும் வாழும் ஒரு சிறிய பவளத் தொட்டியை வீட்டில் வைக்க முடிவு செய்தவுடனேயே கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும். சிறியதா, பெரியதா? உயிர்ப்பாறையா, உலர்பாறையா? அடியில் சம்ப் எனும் துணைத்தொட்டி வேண்டுமா? கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் வேண்டுமா? ஒவ்வொன்றிலும் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. இரண்டு கட்சியிலும் அழகான தொட்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் "எது சிறந்தது?" என்று கேட்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி. ஏதேனும் தவறு நடந்துவிட்டால், அதைக் கண்டுபிடித்துத் திருத்த இந்தத் தேர்வு எவ்வளவு நேரம் தரும்? மீன் மூச்சு விடும் வேகத்தைப் பார்த்தே தண்ணீரில் ஏதோ சரியில்லை என்று சொல்லிவிடும் கண் பழகியவர்களுக்கு உண்டு. புதியவருக்கு அது வரக் காலம் பிடிக்கும். அதுவரை அவருக்கு வேண்டியது மெதுவாகக் கெடும் தொட்டி.

30 செ.மீ. கனசதுரமும் 45 செ.மீ. கனசதுரமும்

பக்கத்துக்கு 30 செ.மீ. உள்ள கனசதுரத் தொட்டியில் 27 லிட்டர் அடங்கும். 45 செ.மீ. தொட்டியில் 91 லிட்டர். பார்வைக்குப் பெரிய வேறுபாடு தெரியாது; தண்ணீர் மூன்று மடங்குக்கும் மேல். பாறையும் மணலும் இடம் பிடித்துக்கொண்ட பிறகு சிறிய தொட்டியில் உண்மையில் நிற்கும் நீர் இன்னும் குறைவு.

நத்தை ஒன்று பாறைக்குப் பின்னால் செத்து அழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது வெளிவிடும் அம்மோனியா இரண்டு தொட்டிகளிலும் ஒரே அளவுதான். சிறியதில் அதன் செறிவு மூன்று மடங்கைத் தாண்டும். கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால், நடுநிலையான நன்னீரைவிட இங்கே அம்மோனியாவின் நச்சு வடிவம் பல மடங்கு அதிகம். நன்னீர்த் தொட்டியில் தப்பித்த கவனக்குறைவு இங்கே தப்பிக்காது.

ஹீட்டர் கதை இன்னும் தெளிவானது. 100 வாட் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் பழுதாகி, அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. காற்றில் இழக்கும் வெப்பத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 27 லிட்டர் நீர் மணிக்கு ஏறத்தாழ 3 டிகிரி சூடேறும். 91 லிட்டரில் ஏறத்தாழ 1 டிகிரி. 25 டிகிரியில் இருக்க வேண்டிய பவளங்களுக்கு முன்னது ஒரு மாலை நேரத்துக்குள் முடிந்துவிடும் விபத்து. பின்னதில் வீடு திரும்பி வந்து பிளக்கைப் பிடுங்க வாய்ப்பு இருக்கிறது. எந்த அளவுத் தொட்டியானாலும் ஹீட்டரைத் தனி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக இணைப்பது நல்லது.

ஆவியாதலில் மட்டும் வேறுபாடு நினைப்பதைவிடச் சிறியது. நீர் மட்டும் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். மூன்று நாளில் நீர்மட்டம் 15 மி.மீ. இறங்கினால் 30 செ.மீ. ஆழத் தொட்டி 5 சதவீத நீரை இழக்கிறது. உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35-இலிருந்து ஏறத்தாழ 37-ஐ நெருங்கும். 45 செ.மீ. ஆழத்தில் இழப்பு 3.3 சதவீதம், உப்புத்தன்மை 36-ஐச் சற்றுத் தாண்டும். இரண்டுமே தினமும் நன்னீர் ஊற்றினால் தீரும் சிக்கல்தான். மிதவை வைத்த தானியங்கி நீர்நிரப்பி இருந்தால் அந்த வேலையும் இல்லை. ஈடுகட்ட ஊற்ற வேண்டியது நன்னீர், உப்புநீர் அல்ல. புதியவர்கள் பலர் தடுமாறும் இடம் இது.

சிறிய தொட்டிக்கு நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. அவசரம் என்றால் அதன் பாதி நீரைச் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். 91 லிட்டரில் அது அவ்வளவு எளிதில்லை. நாள் முழுதும் வீட்டில் இருப்பவர், இரண்டு மீன்களும் நான்கைந்து பவளங்களும் போதும் என்பவர் சிறியதை நன்றாகவே நடத்தலாம். மற்றவர்களுக்கு என் பரிந்துரை 80 முதல் 100 லிட்டர். 200 லிட்டருக்கு மேல் போனால் நிலைத்தன்மை கூடும், ஆனால் வாரம் தவறாமல் நீர் மாற்றும் உறுதி குறையும். எடையும் கணக்கில் இருக்கட்டும்: 91 லிட்டர் கடல்நீர் மட்டுமே ஏறத்தாழ 93 கிலோ. கண்ணாடி, பாறை, மணல் எல்லாம் சேர்த்துத் தாங்கும், துல்லியமாகச் சமமட்டமான தாங்கி வேண்டும்.

பின்னறைத் தொட்டியா, சம்ப்பா?

பின்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் வடிகட்டும் அறைகளோடு ஒரே துண்டாக வரும் தொட்டி ஒன்று. தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வைத்து, நீர் வழிந்து இறங்கி பம்ப் வழியாக மேலேறும் சம்ப் அமைப்பு மற்றொன்று.

சம்ப் கூடுதல் நீரைச் சேர்க்கிறது. ஹீட்டரையும் ஸ்கிம்மரையும் கண்ணுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்கிறது. அவகாசக் கணக்கில் அதற்கே முதலிடம் தர வேண்டும். ஆனால் மின்சாரம் நின்றதும் மேல்தொட்டியிலிருந்து கொஞ்சம் நீர் கீழே இறங்கும். அந்த நீருக்குச் சம்ப்பில் இடம் விடாதவர், மேலேறும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே காற்றுத் துளை போடாதவர், தரையைத் துடைக்க வேண்டியிருக்கும். குழாய் வேலையில் பழக்கம் உள்ளவர் சம்ப்புக்குப் போகட்டும். இல்லாதவருக்குப் பின்னறைத் தொட்டி. மின்தடையில் அது எங்கும் வழியாது. பவளத்துக்கென்று தனியாக நீரோட்டம் தரும் சிறு பம்ப் ஒன்றை உள்ளே சேர்த்துவிட்டால் போதும்.

உயிர்ப்பாறை, உலர்பாறை

இங்கேதான் நிறைய யோசிக்க வேண்டியிருக்கிறது. பவளத் தொட்டியின் உண்மையான வடிகட்டி அதன் பாறைதான். துளைகள் நிறைந்த அந்தக் கல்லில் குடியிருக்கும் பாக்டீரியாக்களே அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையும் நல்ல வெளிச்சமும் காற்றுக் குமிழும் கொண்டே கடல் உயிர்களை வளர்க்கலாம் என்று 1961-இல் உலகுக்கு எழுதிக் காட்டினார். அதே பாறையோடு வலுவான ஸ்கிம்மரையும் சேர்த்த முறை பின்னர் பெர்லினில் வளர்ந்தது. இன்றைய தொட்டிகள் பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்கள்.

உயிர்ப்பாறையின் பெரிய பலம், அது ஒரு முழுச் சமூகத்தோடு வருவது. பாக்டீரியா மட்டுமல்ல, கடற்பஞ்சுகள், புழுக்கள், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் கோப்பிபாடு எனும் நுண்ணிய ஓட்டுடலிகள், ஊதா நிறச் சுண்ணப்பாசி எல்லாம் அதில் இருக்கும். தொட்டி விரைவில் நிலைக்கு வரும். ஆனால் வரும் வழியிலேயே அதில் ஒரு பகுதி செத்துப்போவதால் முதலில் அம்மோனியா எழும். தனி வாளியில் நீரோட்டத்தோடு சில வாரம் பதப்படுத்தித்தான் உள்ளே வைக்க வேண்டும். வேண்டாத விருந்தாளிகளும் வருவார்கள். முள்ரோமப் புழுக்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவற்றில் பெரும்பாலானவை துப்புரவுத் தொழிலாளிகள். மான்டிஸ் இறாலோ, மீன்களையும் நத்தைகளையும் வேட்டையாடும். ஐப்டேசியா எனும் சிறிய கண்ணாடிச் சாமந்தி அதைவிட மோசம். ஒரு துணுக்கு மிஞ்சினாலும் மீண்டும் முளைத்து, பக்கத்துப் பவளங்களைக் கொட்டும். அது நுழைந்த பிறகு அவகாசம் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியதுதான்.

இன்னொன்றும் என்னைத் தயங்க வைக்கிறது. உயிர்ப்பாறை இயற்கையான பவளத் திட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்றால் அங்கே ஒரு வாழிடம் குறைந்திருக்கிறது. கல்பவளங்களும் அவற்றாலான உயிர்ப்பாறையும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. அவற்றின் பன்னாட்டு வணிகத்துக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். கடலில் கல்லைப் போட்டு வளர்த்து எடுக்கும் பண்ணை உயிர்ப்பாறையும் உண்டு. வாங்குவதானால் அதை வாங்குங்கள்.

உலர்பாறையில் விருந்தாளி எவரும் இல்லை. வேண்டிய வடிவத்தில் ஒட்டி, வளைவும் குகையும் அமைத்து, அவசரமில்லாமல் அடுக்கலாம். அதற்குக் கொடுக்கும் விலை பொறுமை. மீனே இல்லாத தொட்டியில் அம்மோனியாவைச் சேர்த்து, அது நைட்ரேட்டாக மாறும் வரை காத்திருக்க வேண்டும். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம். அதன் பிறகும் பாறையின் வெற்றிடத்தை யார் பிடிப்பது என்ற போட்டி மாதக்கணக்கில் நடக்கும். முதலில் டயாட்டம் எனும் பழுப்பு நுண்பாசி, பிறகு பச்சை இழைப்பாசி, சில நேரம் சிவந்த சயனோபாக்டீரியா. பார்க்க அழகில்லாத இந்தக் கட்டத்தில்தான் பலர் மனம் தளர்ந்து தொட்டியைக் கலைக்கிறார்கள். டயாட்டமும் இழைப்பாசியும் நத்தைகளுக்கும் காலத்துக்கும் அடங்கும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூச்சியமாக்கிவிட வேண்டும் என்று துடித்து, அவற்றை முற்றிலும் இல்லாமல் செய்பவருக்குத்தான் டைனோஃபிளாஜெலேட் எனும் கோழைப் படலம் வந்து சேர்கிறது. அதை விரட்டுவது கடினம். பவளத்துக்கும் அந்த ஊட்டம் கொஞ்சம் வேண்டும்.

என் முடிவு: பெரும்பகுதி உலர்பாறை, அதோடு, பல ஆண்டு நன்றாக நடக்கும் ஒரு தொட்டியிலிருந்து, ஐப்டேசியா இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்த ஒரு சிறு துண்டு உயிர்ப்பாறை. தயிருக்கு உறை ஊற்றுவது போல அந்த ஒரு துண்டு மற்றவற்றுக்குப் பரவும்.

தண்ணீர், உப்பு, அளவி

குழாய்நீர், இயற்கைக் கடல்நீர், ஆர்.ஓ.-டி.ஐ. வடிகட்டியால் கரைபொருள்கள் நீக்கிய நீரில் கலந்த செயற்கை உப்பு. மூன்றில் முதலாவதை நான் போட்டியிலேயே சேர்க்க மாட்டேன். அதிலுள்ள பாஸ்பேட்டும் சிலிகேட்டும் பாசிக்குத் தீனி. செம்பு இருந்தால், மிகச் சிறிய அளவிலும் இறால், நத்தை போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களைக் கொல்லும். கரையோரக் கடல்நீர் மழைக்குப் பின் நீர்த்துப்போகும், கழிவுநீரின் கலப்பையும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கலந்த உப்புநீர் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோலவே இருக்கும், அதுவே போதுமான காரணம்.

உப்புத்தன்மையை அளக்க, முள் அசையும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரைவிட, ஒளிவிலகலைக் கொண்டு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை நம்புங்கள். முள்ளில் ஒரு குமிழ் ஒட்டினாலே அளவு தவறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டரையும் 35 அளவுள்ள தரக்கரைசலால் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

ஸ்கிம்மரைப் பற்றிச் சுருக்கமாக: 100 லிட்டருக்குள், மீன் குறைவு என்றால், வாரம் 10 முதல் 15 சதவீத நீர்மாற்றம் அதன் வேலையைச் செய்துவிடும். கூடவே கால்சியத்தையும் காரத்தன்மையையும் ஓரளவு ஈடுகட்டும், ஸ்கிம்மரால் அது முடியாது. விளக்கில் எல்.இ.டி.யே போதும், முதலில் குறைந்த ஒளியில் தொடங்குங்கள். ஒளி போதாத பவளம் நிறம் மாறிக் குறைசொல்ல வாரக்கணக்காகும். ஒளி மிகுந்தால் தன் திசுவில் வாழும் பாசியை இழந்து சில நாள்களிலேயே வெளுத்துவிடும்.

எந்தப் பவளம் முதலில்?

சிறு கிளைகளாக வளரும் அக்ரோபோரா போன்ற கல்பவளங்கள் கண்ணைப் பறிக்கும். காரத்தன்மை ஒரே நாளில் சற்று ஏறி இறங்கினாலும் அவை நுனியிலிருந்து கருகத் தொடங்கும். முதல் ஆண்டில் வேண்டாம். காளான் பவளம், தோல்பவளம், ஜோவாந்திட் போன்ற மென்பவளங்கள் சுருங்கி, முகம் காட்டாமல் இருந்து எச்சரித்துவிட்டு, நிலைமை சரியானதும் மீண்டும் விரியும். அந்த எச்சரிக்கையைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு, பெரிய பாலிப் (பவளத்தின் தனி உயிர்) கொண்ட யூஃபிலியா வகைக்குப் போகலாம்; இரவில் நீளும் அதன் கொட்டும் இழைகளுக்கு எட்டாத தூரத்தில் மற்றவற்றை வையுங்கள்.

மென்பவளங்களிலும் இரண்டு கவனம். சீனியாவும் பச்சை நட்சத்திரப் பவளமும் கம்பளம்போல் பரவி எல்லாவற்றையும் மூடிவிடும், தனித் தீவுக் கல்லில் மட்டும் வையுங்கள். ஜோவாந்திட், பாலிதோவா இனங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் எனும் கொடிய நச்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் அணியாமல் அவற்றை வெட்டக் கூடாது. அவை ஒட்டிய கல்லை எக்காரணம் கொண்டும் கொதிக்க வைக்கக் கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்த குடும்பங்கள் மருத்துவமனைக்குப் போயிருக்கின்றன.

மீன்: பண்ணையில் பிறந்ததும் கடலில் பிடித்ததும்

ஆசிலாரிஸ் கோமாளி மீன் பண்ணைகளில் தாராளமாக வளர்க்கப்படுகிறது. உலர்தீனி உண்ணப் பழகியே வருகிறது. அதற்குக் கடற்சாமந்தி கட்டாயமில்லை. இளம் மீன்கள் இரண்டை ஒன்றாக விட்டால், வலியது பெண்ணாகவும் மற்றது ஆணாகவும் மாறி இணையாகிவிடும். இதற்கு நேரெதிர் மாண்டரின் மீன். கடலில் பிடித்த மாண்டரின் பெரும்பாலும் உயிருள்ள கோப்பிபாடுகளையே நாள் முழுதும் கொத்தித் தின்னும். புதிய சிறு தொட்டியில் அவை தீர்ந்ததும் மெலிந்து சாகும். அந்த அழகைப் புதிய தொட்டியில் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நீல டாங் ஏறத்தாழ 30 செ.மீ. வளரும், நீந்த நீளமான இடம் கேட்கும். 90 லிட்டரில் அதற்கு இடமே இல்லை. இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வாழ்ந்த பாங்காய் கார்டினல், வணிகத்துக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டு அழிவின் விளிம்புப் பட்டியலுக்குப் போனது. பண்ணையில் பிறந்தது என்று விற்பவர் உறுதி சொன்னால் மட்டும் வாங்குங்கள்.

90 லிட்டருக்கு ஓர் இணைக் கோமாளியும் கோபி எனும் சிறு மீன் ஒன்றும் போதும். கோபி துள்ளும் இனமானால் மேலே வலைமூடி அவசியம்.

வாங்கிய மீனை நேராக உள்ளே விடுவதா, தனித்தொட்டியில் வைத்துக் கவனிப்பதா? வெண்புள்ளி நோய் தரும் கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணிக்குச் செம்பு மருந்து நன்றாக வேலை செய்யும், ஆனால் பவளத் தொட்டியில் செம்பை ஊற்ற முடியாது. நோய் உள்ளே வந்துவிட்டால் மீன்கள் அனைத்தையும் வெளியே எடுத்து, பாறைகளைக் கலைத்தாவது எடுத்து, பத்து வாரத்துக்கும் மேலாகத் தொட்டியை மீனில்லாமல் விட வேண்டும். பாறையும் பவளமும் பழகிக்கொண்டிருக்கும் வாரங்களிலேயே ஹீட்டர், ஸ்பாஞ்சு வடிகட்டி, ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு ஆகியவற்றோடு 40 லிட்டர் தனித்தொட்டி ஒன்றை அமைத்துவிடுங்கள். அந்த ஸ்பாஞ்சை இப்போதே பெரிய தொட்டியின் பின்னறையில் போட்டு வைத்தால், மீன் வரும் நாளில் பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும்.