கீழக்கரைப் பக்கம் ஒரு ஓலை வீடு: கூரைக்கு நூறு மார்க், கிணற்றுக்கு முப்பது

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவே, கடலோரப் பனந்தோப்பு ஒன்றில் கோடைக்கு மட்டும் மாத வாடகைக்கு விடுகிற வீடு இது. பன்னிரண்டுக்குப் பதினாறு அடியில் ஒரு கூடம், தெற்கே கடலைப் பார்த்த ஆறடித் திண்ணை, தனி அடுப்படி, கொல்லையில் கழிப்பறை, முன்பக்கம் உறைகிணறு. வாடகை மாதம் 12,000 ரூபாய், முன்பணம் 20,000. கைக்குழந்தையும் பள்ளிக்கூடப் பிள்ளையுமாக வரும் சின்னக் குடும்பத்துக்கு அளவான இடம். வருகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து கூரையைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். குனிந்து கிணற்றைப் பார்த்திருக்க வேண்டும்.

கூரையை முதலில் முடித்துவிடலாம். பனை ஓலை. தென்னங்கீற்று என்றால் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு. பனை ஓலை அதைவிட நின்று பிடிக்கும். உச்சி வெயிலில் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு மேலே பாருங்கள். ஊசிப்பொட்டாக வெளிச்சம் தெரிந்தால் பரவாயில்லை. காசளவு வட்டமாக விழுந்தால் அந்த இடத்தில் ஓலை மக்கிவிட்டது என்று அர்த்தம். இங்கே முகட்டுப் பக்கம் இரண்டே இடத்தில் அப்படி. கூரை நல்ல சரிவு, கோடை மழை தங்காமல் ஓடிவிடும். காற்றுக்கு முகடு பிய்த்துக்கொள்ளாமல் இருக்கப் பழைய மீன்வலையைப் போர்த்தி, ஓரங்களில் கல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பார்க்க அழகில்லை, ஆனால் இதைவிட நல்ல ஏற்பாடு இந்தக் கரையில் கிடையாது. வலையை எடுக்கச் சொல்லாதீர்கள்.

கத்திரி வெயிலில் கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்து ராத்திரி கக்கும். ஓலை சூட்டைச் சேமிக்காது. பொழுது சாய்ந்து அரை மணியில் கூடம் ஆறிவிடுகிறது, குழந்தை தூங்க ஏசி தேவைப்படாது. தூளி கட்டுவதானால் விட்டத்தில் கட்டுங்கள், ஓலையைத் தாங்கும் சரிவுச் சட்டமான பனங்கையில் வேண்டாம். கட்டுமுன் விட்டத்தை ஒரு கல்லால் தட்டிக்கொண்டே போங்கள். வைரம் பாய்ந்த கட்டை "ணங்"கென்று கேட்கும். உள்ளே கரையான் இருந்தால் "பொத்"தென்று அமுங்கும். இந்த வீட்டு விட்டம் நெடுக ஒரே சத்தம், மேற்கு முனையில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குக் குரல் மாறுகிறது. தூளியைக் கிழக்குப் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி கிணறு. விளம்பரத்தில் "நல்ல தண்ணீர்க் கிணறு" என்று போட்டிருக்கிறார்கள். பாதி உண்மை. விடியற்காலையில், யாரும் தண்ணீர் எடுக்குமுன், கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு மில்லிகிராமில் காட்டும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் 780 காட்டுகிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டாரை நாற்பது நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தால் 2,300. இந்திய தரநிலை ஐ.எஸ். 10500 குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்கிறது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. காலையில் குடிக்கலாம் போலிருந்த கிணறு, டேங்க் நிரம்புவதற்குள் அந்தக் கோட்டையும் தாண்டிவிடுகிறது.

ஏன் இப்படி? கடலோர மணலுக்கு அடியில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு அது தாங்கி நிற்கும் என்பது கணக்கு. மேலே அவசர அவசரமாக இறைத்தால் அடியிலிருந்து உப்பு கூம்பு மாதிரி ஏறி வரும். பெரிய மோட்டார் வசதி அல்ல, கேடு. இந்தப் பக்கத்துப் பெண்கள் மணல் ஊற்றைத் தோண்டிச் சிரட்டையால் மெதுவாக மொண்டு குடம் நிரப்பியதில் இருந்த சூட்சுமம் இதுதான். வீட்டுக்காரரிடம் அரை குதிரைத்திறன் மோட்டார் மாற்றச் சொல்லுங்கள். அதையும் பத்து நிமிடம் ஓட்டி, ஒரு மணி நேரம் விட்டு, மறுபடி பத்து நிமிடம் என்றுதான் ஓட்ட வேண்டும். உறிஞ்சுகுழாயின் முனையில் இருக்கும் ஃபுட்வால்வ் கிணற்றின் அடியைத் தொடாமல் தண்ணீர் மட்டத்துக்கு இரண்டடி கீழே நின்றால் போதும்.

எப்படி ஓட்டினாலும் இந்தத் தண்ணீர் குளிக்கவும் பாத்திரம் கழுவவும்தான். இதில் பருப்பு வேகாது, டீக்குப் பால் காய்ச்சினால் திரிந்தாலும் திரியும், கட்டிச் சோப்பு நுரைக்காது. துணிக்குச் சோப்புத்தூள் எடுத்துப் போங்கள். புட்டிப்பால் கலக்க இதைத் தொடவே கூடாது, கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது. நால்வருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 25 முதல் 30 லிட்டர், கைக்குழந்தையைக் குளிப்பாட்ட இன்னொரு குடம்: ஆக 15 லிட்டர்க் குடத்தில் மூன்று குடம். தெருக்குழாயில் காவிரித் தண்ணீர் வரும் நேரத்தை நம்பாமல், வண்டியில் நல்ல தண்ணீர் விற்பவரிடம் பத்து நாளைக்கு ஒருமுறை சொல்லிவைத்து 500 லிட்டர்த் தொட்டியில் வாங்கிக்கொள்வது நல்லது. தொட்டி வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும்.

இந்த வீட்டின் பெரிய குறை ஒன்று இருக்கிறது, பார்த்தவுடன் தெரியாது. கடல் தெற்கே. நிலத்தடி நீர் வடக்கிலிருந்து கடலை நோக்கி நகரும். கழிப்பறைக் குழி வடக்கே, கிணறு தெற்கே, இடைவெளி 25 அடி. மணலில் கழிவுநீர் வடிகட்டப்படாமல் வேகமாக இறங்கும். குறைந்தது ஐம்பது அடியாவது தள்ளி, அதுவும் கிணற்றுக்குக் கடல் பக்கமாக இருந்திருக்க வேண்டும். இப்போது குழியில் விழுவது கிணற்றுக்கு வழிகேட்டுப் போகிறது. பிள்ளைகள் பல் விளக்கும் தண்ணீர்கூட இந்தக் கிணற்றிலிருந்து வேண்டாம். வீட்டுக்காரர் "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆனதில்லைங்க" என்று சொல்லக்கூடும். சொல்லட்டும்.

சுவர் இடுப்பளவுக்குப் பழைய முருகைக்கல், அதாவது பவளக்கல், மேலே தட்டி. அந்தக் காலத்தில் இந்தக் கரை முழுக்க அப்படித்தான் கட்டினார்கள், சிப்பிச் சுண்ணாம்பு பூசி. இங்கே பெயர்ந்த இடங்களில் சிமெண்ட் அப்பியிருக்கிறார்கள். சிமெண்ட் கல்லுக்குள் இருக்கும் உப்பையும் ஈரத்தையும் வெளியே விடாது. உப்புப் பூத்துப் பொக்கை பொக்கையாக உதிர்கிறது, தவழும் குழந்தை அதை எடுத்து வாயில் போடும். உதிர்ந்ததைச் சுரண்டிச் சுண்ணாம்புக் காரை பூசச் சொல்லலாம். சுவர் அடைக்கப் புதிதாகப் பவளக்கல் கொண்டுவருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். மன்னார் வளைகுடாப் பவளப்பாறை வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது. கரையில் கிடக்கும் துண்டைப் பிள்ளைகள் பையில் போட்டு ஊருக்கு எடுத்துப் போவதும் அதில் சேர்த்தி.

அடுப்படி தென்மேற்கு மூலையில். வைகாசி பிறந்ததும் கச்சான் காற்று அங்கிருந்துதான் அடிக்கும். விறகடுப்பு மூட்டினால் பொறி நேரே கூடத்து ஓலைமேல் விழும். வாடகைக்குக் கொடுக்கிற நாளில் விறகும் அடுக்கி வைத்துக் கொடுக்கிறார்கள், கிராமத்து அனுபவம் என்று. அதை அப்படியே விட்டுவிட்டுக் கேஸ் அடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் இரண்டு வாளி மணல், ஒரு நீளத் தொரட்டி: தீப்பிடித்தால் ஓலையை இழுத்துக் கீழே தள்ள அதுதான் உதவும்.

மின்சாரத்தில் பார்க்க வேண்டியது இரண்டே இரண்டு. மெயின் பலகையில், மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா. இங்கே இருக்கிறது, விழுகிறது. அடுத்தது எர்த். காய்ந்த மணலில் எர்த் பிடிக்காது. எர்த் குழியில் வாரம் இரண்டு முறை ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழி மூடி துருப்பிடித்து ஒட்டிக்கிடந்ததைப் பார்த்தால் கடைசியாக யார் எப்போது ஊற்றினார்களோ. துருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை: கதவுக் கீல், கொக்கி, பிள்ளைகளின் சைக்கிள் செயின் எல்லாம் பதினைந்து நாளில் சிவக்கும். செயினுக்கு எண்ணெய் போடுங்கள், டியூப் ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். தோப்பைத் தாண்டினால் சீமைக் கருவேல முள்.

தேள், பூரான் கூரையிலிருந்து விழும். தூளிக்கும் படுக்கைக்கும் மேலே பழைய வேட்டியை விதானமாகக் கட்டி, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகினால் அந்தப் பயம் தீர்ந்தது. மணலும் முள்ளும் சேர்ந்த இடத்தில் சுருட்டை விரியன் இருக்கும். இருட்டில் கழிப்பறைக்குப் போக டார்ச்சும் செருப்பும் கட்டாயம். கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கீழக்கரையிலிருந்து ஏறக்குறைய 17 கிலோமீட்டர்.

மீனுக்குக் குறைவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், ஆனால் நாட்டுப்படகு போகும். காலையில் கரைக்குப் போனால் விளமீன், ஊளி, நெத்திலி கிடைக்கும், விலைதான் கூடுதல். நுங்கும் பதநீரும் தோப்பிலேயே. கீழக்கரைக் கடைத்தெருவில் தொதல் என்கிற இனிப்பை வாங்காமல் திரும்புவது பாவம்.

குளியல் காலை எட்டு மணிக்குள். அடியில் பாறையும் திருக்கையும் உண்டு, ரப்பர் செருப்போடு காலை இழுத்து இழுத்து நடக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். தேதி முக்கியம்: ஏப்ரலும் மே முதல் பாதியும் இந்த வீட்டுக்கு உரிய காலம். அதற்குப் பிறகு கச்சான் மணலை வாரித் திண்ணையில் கொட்டும், கடலும் முரடாகும். இந்த மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்று சும்மா சொல்லவில்லை. ஜூன் வரை இருந்தே ஆக வேண்டியவர்கள் தேவிபட்டினம், தொண்டிப் பக்கம், பெண் கடல் என்கிற பாக் விரிகுடா ஓரம் வீடு பார்ப்பது நல்லது. அந்தக் காற்றில் அங்கே அலை அடங்கியிருக்கும்.

12,000 அதிகமில்லை. ஆனால் முன்பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் மோட்டார் மாற்றுவது, கிணறு தூர் வாருவது, எர்த் குழி திறப்பது மூன்றையும் தாளில் எழுதி வாங்குங்கள். முதல் நாள் விடியற்காலை மீட்டர் காட்டும் எண்ணையும் அதே தாளில் குறித்து இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால், காலி செய்யும்போது "நீங்கதான் இறைச்சுக் கிணத்தைக் கெடுத்தீங்க" என்று முன்பணத்தில் கைவைக்க முடியாது.