குதிகாலில் வலி, கெண்டைக்காலில் சிகிச்சை: 14 மாத அனுபவம்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலுக்கு அடியில் ஆணி ஏறியது போல இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு, முன்பாதத்தை மட்டும் ஊன்றி நொண்டியபடி குளியலறைக்குப் போவேன். பத்திருபது அடி நடந்தால் வலி பாதியாகிவிடும். 'சரி, தானாகப் போய்விடும்' என்று மூன்று மாதம் சும்மா விட்டதுதான் நான் செய்த முதல் தப்பு.

எக்ஸ்-ரேயில் குதிகால் எலும்பில் முள் போல ஒரு வளர்ச்சி தெரிந்தது. பயந்துவிட்டேன். வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். என் சிக்கல் பிளான்டார் ஃபேஷியாவில். குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை ஓடும் தடித்த நார்ப்பட்டை அது.

முதலில் போன பிசியோதெரபி மையத்தில் வலிக்கிற புள்ளியிலேயே கட்டைவிரல் முட்டியை வைத்து நாருக்குக் குறுக்காகத் தேய்த்தார்கள். ஃபிரிக்ஷன் மசாஜ். கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எழுந்து நின்றால் அரை மணி நேரம் மரத்துப்போய் சுகமாக இருக்கும், மறுநாள் காலையில் பழைய கதைதான். வலித்தால்தான் வேலை செய்யும் என்பது அந்த பிசியோவின் கொள்கை. நாலாவது முறை அவர் அழுத்திய அழுத்தில் இரண்டு நாள் காலை ஊன்ற முடியவில்லை. ஆறோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்து, வளைந்த எஃகுக் கருவியால் க்ரீம் தடவிச் சுரண்டும் முறை. தோல் சிவந்து தடம் விழும், பார்க்க எதோ பெரிதாக நடந்தது போலிருக்கும். கெண்டைக்காலில் செய்தபோது ஒன்றிரண்டு நாள் இறுக்கம் குறைந்தது உண்மை. குதிகாலில் கட்டைவிரலுக்கும் கருவிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இதற்கு உட்காரும் முன்பே சொல்லிவிட வேண்டும், எளிதாகக் கன்றிப்போகும்.

மூன்றாவது பிசியோ குதிகாலைத் தொடவே இல்லை. என்னைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொன்னார். பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். நல்ல காலில் 9 செ.மீ., வலிக்கும் காலில் 5. கணுக்கால் மடங்கவில்லை என்றால் அந்தப் பாரத்தையெல்லாம் பாதம்தான் வாங்கும் என்றார்.

பிறகு குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலின் உள்பக்கத்தில் விரலால் துழாவினார். ஓரிடத்தில் கை வைத்ததும் துள்ளிவிட்டேன், வலி குதிகால் வரை ஓடியது. அழுத்தத்தைக் கூட்டாமல் அப்படியே வைத்திருந்தார். ஒரு நிமிடத்துக்குள் தசையில் இறுகிக் கிடந்த அந்த முடிச்சு இளகுவது எனக்கே தெரிந்தது. அதன்பின் பாதத்தை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டி, கணுக்கால் எலும்பைப் பின்னோக்கித் தாளகதியில் தள்ளினார். இதில் வலியே இல்லை. இறங்கி மறுபடி அளந்தால் 7 செ.மீ. மறுநாள் முதல் அடியில் ஆணி இல்லை, மந்தமான ஒரு வலி மட்டும்.

இது என் ஒருவனின் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அப்படியில்லை. ஸ்ட்ரெட்ச் மட்டும் செய்தவர்களைவிட, கூடவே கெண்டைக்கால் முடிச்சுகளுக்கும் சிகிச்சை எடுத்தவர்களுக்கு ஒரு மாதத்தில் கூடுதல் பலன் கிடைத்ததாக 2011-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

ஆனால் அந்தச் சுகம் மூன்று நாள்தான் நிற்கும். வேலை காரணமாக இரண்டு வாரம் போகாமல் இருந்தேன், அளவு 7-லிருந்து 5-க்கே திரும்பிவிட்டது. அன்றுதான் அவர் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த பயிற்சிகளை ஒழுங்காகத் தொடங்கினேன். எழுந்திருக்கும் முன் கால்மேல் கால் போட்டு, விரல்களை முழங்காலை நோக்கி இழுத்து 10 நொடி, இப்படி 10 முறை. ஒருநாள் விட்டு ஒருநாள், படி விளிம்பில் விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, குதிகாலை 3 நொடியில் தூக்கி, 2 நொடி நிறுத்தி, 3 நொடியில் இறக்குவது. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை, சலிப்புதான். மூன்றாம் மாதத்தில் வாரம் இரண்டு முறை போன சிகிச்சை மாதம் ஒன்றாகிவிட்டது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓய்விலும் இரவிலும் வலி, மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, குதித்த பிறகு கால் ஊன்றவே முடியாத நிலை, இவை இருந்தால் யாரிடமும் அழுத்தக் கொடுக்காதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது அளவு 8. நாள் முழுக்க நின்றால் மாலையில் லேசாக உறுத்தும். அந்தத் துண்டு படியிலேயே நிரந்தரமாகக் கிடக்கிறது. வீட்டில் யாராவது மடித்து அலமாரியில் வைத்தால்தான் கத்துகிறேன்.