மடிக்கணினிக்கு ஒரு கூலிங் பேட்

கொக்குவிலில், வீட்டு மேல்மாடி அறையில் இருந்துதான் திருமண வீடியோக்களைத் தொகுக்கிறேன். சித்திரை வெயிலில் மடிக்கணினியின் அடிப்பகுதி தோசைக்கல்லாய்க் கொதிக்கும்; 95 பாகை செல்சியஸைத் தொட்டதும் கணினியின் மூளையான செயலி (புரொசசர்) தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். யாழ்ப்பாண நகரக் கடையொன்றில் மடிக்கணினிக்கு அடியில் வைத்துக் குளிர்விக்கும், இரண்டு விசிறிகள் கொண்ட கூலிங் பேட் வாங்கினேன். யூஎஸ்பி வழியாக வரும் 5 வோல்ட் மின்சாரமே அதற்குப் போதும்.

முதல் வாரம் பலனே தெரியவில்லை. விசிறிகள் நடுவில் ஊத, என் கணினியின் காற்றுத் துளைகளோ பின்விளிம்பில் இருந்தன! கணினியை முன்னே இழுத்து வைத்த பிறகு 87 பாகைக்கு மேல் ஏறவில்லை. ஆகவே வாங்குமுன் கணினியைக் கவிழ்த்துத் துளைகளைப் பாருங்கள். உள்ளே தூசி அடைத்திருந்தால் முதலில் அதைத் துப்புரவாக்குங்கள். எங்கள் செம்மண் தூசிக்கு எந்தப் பேட்டும் ஈடுகொடுக்காது. இரவில் விசிறிச் சத்தம் கேட்கிறது. அம்மா உறங்கப் போனதும் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன்.