2016 பாண்டா வெள்ளிக் காசு வாங்கப் போகிறவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

1,280 சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர், போய்விட்டது. இன்று காலை பார்த்தால், எனக்குப் போலிக் காசு விற்ற ஆள் அதே படங்களோடு வேறு பெயரில் மறுபடியும் விளம்பரம் போட்டிருக்கிறான். அடுத்து யாரும் மாட்டக்கூடாது என்றுதான் உடனே எழுதுகிறேன்.

என் மகள் பிறந்தது 2016இல். சீனப் பாண்டா வெள்ளிக் காசில் அனேகமாக ஆண்டுதோறும் படம் மாறும். அவள் பிறந்த ஆண்டுக் காசாகவே கொஞ்சம் சேர்த்து வைக்கலாம் என்று ஆசை. பழைய பொருள் வாங்கி விற்கும் ஒரு செயலியில் 16 காசு கிடைத்தது, ஒன்று 80 வெள்ளி. கடையில் கேட்டதைவிட 6 வெள்ளிதான் குறைவு. அடிமாட்டு விலை என்றால் அப்போதே சந்தேகப்பட்டிருப்பேன்.

எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் சந்தித்தோம். தமிழ்ப் பையன், மரியாதையான பேச்சு. "அண்ணே, நீங்களே சோதிச்சுப் பாருங்க" என்று காந்தத்தை என் கையில் கொடுத்தான். காசைச் சாய்த்துப் பிடித்தேன். அசல் வெள்ளியில் இறங்குவதுபோலவே காந்தம் ஒட்டாமல் மெல்ல வழுக்கி இறங்கியது. அப்புறம் பையிலிருந்து சின்ன எடைக்கருவியை எடுத்து, ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினான். 31.1 கிராம். "ஒரு அவுன்ஸ் அண்ணே, அப்படியே இருக்கு பாருங்க." அந்த எண்ணைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. நின்ற இடத்திலேயே போனில் 1,280 வெள்ளி அனுப்பினேன்.

அந்த 31.1தான் அது போலி என்பதற்கே சாட்சி. பாண்டா காசு 2014 வரை ஒரு அவுன்ஸ் என்று வந்தது. 2015இல் எடையே பொறிக்கவில்லை. 2016இலிருந்து கிராம் கணக்குக்கு மாறிவிட்டது, 30 கிராம். என்னிடம் இருக்கும் பதினாறிலும் 2016 என்று போட்டு, பக்கத்தில் ஒரு அவுன்ஸ் என்றும் பொறித்திருக்கிறது! இது தெரிந்திருந்தால் வாசலிலேயே திரும்பியிருப்பேன்.

வீட்டில், காசைப் போட்டு வைக்கும் கேப்சூல் டப்பாவின் மூடி சரியாக உட்காரவே இல்லை. "ஏம்ப்பா இது புடைச்சுக்கிட்டு நிக்குது?" என்று மகள்கூடக் கேட்டாள். மூடி மட்டமான சரக்கு என்று விட்டுவிட்டேன். போன சனிக்கிழமை புது கேப்சூல் வாங்கக் கடைக்குப் போனபோது, கடைக்காரப் பெரியவர் எதுவும் பேசாமல் உள்ளிருந்து ஓர் அசல் 2016 காசை எடுத்து என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். அகலம் இரண்டும் ஒன்று, என்னுடையது தடிமன். என்னைக் கேட்டுக்கொண்டு விளிம்பில் லேசாகச் சுரண்டினார். உள்ளே செம்பு. வெள்ளியைவிடச் செம்பு லேசு, அதனால் எடையைக் காட்டத் தடிமனாக்கியிருக்கிறார்கள். செம்பிலும் காந்தம் மெதுவாகத்தான் இறங்குமாம்.

அன்றே அவனைக் கூப்பிட்டேன். முதலில் "வெளியூர்ல இருக்கேன் அண்ணே." மறுநாள் "நானும் ஒருத்தர்கிட்ட வாங்கித்தான் வித்தேன்." அதற்கு மறுநாள் என் எண்ணையே முடக்கிவிட்டான். செயலிக்காரர்களோ, நேரில் கைமாறிய வியாபாரத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்று மூன்று முறையும் ஒரே பதிலை அனுப்பினார்கள். அவன் கணக்கையாவது மூடுங்கள் என்றதற்கு "பரிசீலிக்கிறோம்." பரிசீலித்த லட்சணம்தான் இன்று காலை வந்த விளம்பரம். வங்கியில், பணம் நீங்களே அனுப்பியதுதானே என்கிறார்கள். ஆமாம், நானேதான் அனுப்பினேன், 1,280 வெள்ளி, மகள் பெயரில் மாதாமாதம் எடுத்து வைத்தது.

வாங்குகிறவர்களுக்கு விவரமாகச் சொல்ல நினைத்தேன், இப்போது நேரம் இல்லை. விற்பவன் கொண்டுவரும் காந்தத்தையும் எடைக்கருவியையும் நம்பாதீர்கள். எந்த ஆண்டுக் காசுக்கு என்ன எடை என்று பார்த்துவிட்டுப் போங்கள். தடிமனையும் அளந்து பாருங்கள். கடையில் சோதிக்கலாம் வா என்று கூப்பிடுங்கள், வர மறுத்தால் விட்டுவிடுங்கள். அதுவரை பணம் அனுப்பாதீர்கள்.

பதினாறையும் பையில் போட்டுக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குக் கிளம்புகிறேன்.