கதவைத் திறந்தே வைத்திருந்த ஓட்டுநர்

அன்றைய சிங்கப்பூர் ரயில் பயணத்தில் ஓட்டுநருக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண். கோளாறின்போது ரயிலுக்குப் பதிலாக விட்ட இணைப்புப் பேருந்துக்கு இரண்டுதான். எந்த நிலையம் என்று எழுதப்போவதில்லை. அவருக்கு வேலையிடத்தில் சங்கடம் எதுவும் வரக்கூடாது.

தேக்கா சந்தையில் சாமான் வாங்கிக்கொண்டு அத்தையோடு வந்துகொண்டிருந்தேன். முன்னால் சிக்னல் கோளாறு. ஓட்டுநர் பதிவுசெய்த அறிவிப்போடு விட்டுவிடாமல் மைக்கில் தானே பேசினார். அடுத்த நிலையத்தில் ஒரு ரயில் நிற்கிறதாம். இப்போது கிளம்பினால் சுரங்கத்துக்குள்தான் காத்திருக்க வேண்டுமாம். அதனால் கட்டுப்பாட்டு அறையில் கேட்டுக்கொண்டு இங்கேயே நிற்கிறேன், வெளியே போய் உட்காரலாம், கழிவறைக்கும் போய் வரலாம், கிளம்பும் முன் சொல்லிவிட்டுத்தான் கதவை மூடுவேன் என்றார்.

அத்தைக்குச் சர்க்கரை வியாதி, முட்டிவலி வேறு. அந்தக் கடைசி வாக்கியம் அவருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி! புதிய செய்தி இல்லாதபோதும் ஓட்டுநர் அவ்வப்போது பேசினார், "இன்னும் உத்தரவு வரவில்லை" என்று சொல்வதற்காகவே. கிளம்பும் நேரத்தில் தன் அறைக் கதவு வழியே எட்டிப் பார்த்து, அத்தை கைத்தடியோடு ஏறி உட்காரும்வரை பொறுத்திருந்தார்.

இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. 2011 டிசம்பர் 15 மாலை, வடக்கு-தெற்குப் பாதையில் ரயில்கள் சுரங்கத்தில் நின்றுபோய், குளிர்சாதனமும் இல்லாமல் மூச்சு முட்டியதில் ஒரு பயணி தீயணைப்புக் கருவியால் ஜன்னலையே உடைத்தார். தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே 750 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. அதைத் துண்டிக்காமல் யாரையும் கீழே இறக்க முடியாது. சுரங்கத்தில் நின்ற பிறகு ஓட்டுநர் செய்யக்கூடியது குறைவு. நிலையத்தில் நிற்கும்போதே யோசித்தால்தான் உண்டு.

2003இல் வந்த வடகிழக்குப் பாதை முதல் வட்டப் பாதை, டௌன்டவுன், தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் வரை ஓட்டுநர் அறையே இல்லாத ரயில்கள்தான். சாதாரண நாளில் எனக்கு அவை ரொம்பப் பிடிக்கும். கோளாறு நாளில் மட்டும், பெட்டிக்குள் பயணிகளின் முகத்தைப் பார்த்துப் பேச ஓர் ஊழியராவது இருக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

அப்புறம் பாதி வழியில் இறங்கி இணைப்புப் பேருந்து பிடிக்க வேண்டியதாயிற்று. வரிசை எங்கே தொடங்குகிறது என்று காட்ட ஆளில்லை. முதியவர்களுக்குத் தனி வரிசையும் இல்லை. நான் கேட்டவரை அறிவிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். அத்தைக்கு நான் சொன்னேன். தனியாக வந்த பாட்டி ஒருவருக்கு, பக்கத்தில் நின்ற ஒரு மலாய்ப் பையன் சைகை காட்டிப் புரியவைத்தான். கோளாறு நேர அறிவிப்பைத் தமிழிலும் முன்கூட்டியே பதிவுசெய்து வைத்தால் என்ன?

ரயில் பெட்டியின் எண்ணையும் ஏறிய நேரத்தையும் குறித்து வைத்திருந்தேன். அன்றிரவே பாராட்டு எழுதி அனுப்பிவிட்டேன். நீங்களும் இப்படி ஓர் ஓட்டுநரைச் சந்தித்தால் இந்த இரண்டையும் குறித்துக்கொண்டு எழுதுங்கள்.