சிலம்பமா, கராத்தேயா, பெப்பர் ஸ்பிரேயா?

பல்லடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் என் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. பனியன் கம்பெனியில் வேலை முடிந்து இரவில் அந்த வழியே வரும்போது எது கைகொடுக்கும்? இந்தக் கேள்வியோடுதான் மூன்றையும் பழகிப் பார்த்தேன்.

முதலில் வாங்கியது பெப்பர் ஸ்பிரே. வருடக்கணக்கில் கற்க வேண்டியதில்லை. கண்ணில் பட்டால் பெரும்பாலும் இமை மூடிக்கொள்ளும். ஆனால் நம் ஊர்க் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் அடிக்கிற காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. மொட்டைமாடியில் சோதித்த அன்று தெளித்ததில் பாதி என் முகத்துக்கே திரும்பியது. வெகுநேரம் கண் திறக்க முடியவில்லை. டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடக்கிற ஸ்பிரே அவசரத்துக்கு உதவாது. காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும்.

பஸ்ஸில் யார் கம்போடு போவார்கள் என்று சிலம்பத்தை ஒதுக்குகிறவர்கள் உண்டு. கம்பு வீட்டில் இருக்கட்டும், காலை எடுத்து வைக்கும் முறையான காலடி கூடவே வரும். வாத்தியார் முதல் மாதம் கம்பையே கையில் தரவில்லை, காலடி மட்டும்தான். எதிரில் இருப்பவரின் கை எட்டும் தூரத்தைக் கண் தானாக அளக்கத் தொடங்கியது. இப்போது யாராவது மணி கேட்டபடி நெருங்கினால் இரண்டு எட்டு விலகி நின்றே பதில் சொல்கிறேன். சட்டத்தையும் அவர்தான் நினைவூட்டினார். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால் தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. ஓடுகிறவனைத் துரத்தி அடிப்பது தற்காப்பு ஆகாது.

கராத்தேயில் எல்லாம் ஆசிரியரைப் பொறுத்தது. நான் போன முதல் வகுப்பில் வரிசையாக நின்று காற்றைக் குத்தினோம். கையைப் பிடித்த தோழி, நான் இழுக்கும் முன்பே விட்டுவிடுவாள். இரண்டாவது வகுப்பின் அக்கா இறுகப் பிடிக்கச் சொன்னார். பிடித்தவரின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம்தான் பிடியில் பலவீனமானது. அந்தப் பக்கமாக மணிக்கட்டைத் திருப்பி வெடுக்கென்று இழுத்து, விடுபட்டதும் வெளிச்சமுள்ள கடையைப் பார்த்து ஓட வேண்டும், பிறகு அவசர உதவிக்கு 112-ஐ அழைக்க வேண்டும். ஐம்பது முறை செய்தபின்தான் யோசிக்காமல் வந்தது.

அதைவிடக் கடினமாக இருந்தது கத்துவது. “நில்! கிட்டே வராதே!” என்று அடிவயிற்றிலிருந்து கத்தச் சொன்னார். பன்னிரண்டு பெண்களில் ஒருத்திக்கும் குரல் எழவில்லை. பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போட்டு வளர்ந்த வாய் எங்களுடையது. முன்பின் தெரியாதவன் வழியை மறித்தாலும் “என்னங்க?” என்றுதான் வருகிறது. அந்த மரியாதையை யாருக்குத் தர வேண்டும், யாருக்குத் தரக் கூடாது என்று மனத்துக்குள் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அந்த நொடியில் யோசித்துக்கொண்டு நின்றால் ஸ்பிரேயும் கம்பும் எதற்கு?

ஒன்றுக்குத்தான் பணம் கட்ட முடியும் என்றால், இறுகப் பிடிக்கவும் வாய்விட்டுக் கத்தவும் பழக்குகிற வகுப்பைத் தேடுங்கள். அது சிலம்பமாக இருந்தாலும் கராத்தேயாக இருந்தாலும் சரி. பக்கத்து வீட்டு அம்மிணியைப் போன மாதம் அந்த அக்காவிடம் சேர்த்துவிட்டேன். மூன்றாம் நாள் அவள் கத்தியதைக் கேட்டு எதிர் மளிகைக் கடைக்காரர் தராசை வைத்துவிட்டு ஓடி வந்தார்.