கிளிஞ்சல் சுண்ணாம்பு என்று மூட்டையில் வருவதை நம்பி வாங்காதீர்கள்

காரைக்குடிப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டில் முற்றத்துச் சுவரின் காரை பெயர்ந்து போயிருந்தது. பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் உதிரும். அதனால் சுண்ணாம்பிலேயே பூச முடிவு செய்தோம்.

விசாரித்ததில் ஒரு வியாபாரி கிடைத்தார். "விறகுக் காளவாயில் சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பு, ரெண்டு நாள் ஊறினால் போதும்" என்று அடித்துச் சொன்னார். 40 மூட்டைக்கு முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்தேன். வந்தது எல்லாம் பொடி. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

மாசியில் பூசி முடித்தோம். சுண்ணாம்பில் கலக்கும் கடுக்காய் ஊறல், வெல்லத் தண்ணீர் எதிலும் குறை வைக்கவில்லை. ஆனியில் சுவர் முழுக்கக் கொப்பளம். ஒவ்வொன்றும் வெடித்துச் சிறு குழியாகி, நடுவில் கடுகளவு வெள்ளைப் பொடி நின்றது. வியாபாரியிடம் கேட்டால் "சுவர் ஈரம் சார்" என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

வேறொரு பெரிய மேஸ்திரியை அழைத்து வந்து காட்டினேன். மீதி மூட்டையைச் சலித்துப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் கசடும், கெட்டியான சிறு கற்களும் தங்கின. "தம்பி, இது கல்லுச் சுண்ணாம்பு. நிலக்கரி போட்டுக் கருக்கிட்டாங்க" என்றார்.

அவர் சொன்னதும் பிறகு நான் படித்ததும் ஒத்துப்போகின்றன. சுண்ணாம்புக்கல் வேக 900 டிகிரி அளவு சூடு போதும். விறகுத் தீ நீளமாக, மிதமாக எரியும். கிளிஞ்சலும் மெல்லிசு என்பதால் சீராக வேகும். கல்லோடு நிலக்கரியை அடுக்கிச் சுட்டால் சில இடத்தில் சூடு எகிறிவிடும். கல்லின் மேற்புறம் கருகி இறுகும், உள்ளே வேகாமலே கிடக்கும். நிலக்கரிச் சாம்பலும் அதோடு உருகி ஒட்டிக்கொள்ளும். இறுகிய துகளுக்குள் தண்ணீர் புக வாரங்கள், ஏன், மாதங்கள்கூட ஆகும். சுவரில் ஏறிய பிறகுதான் அது நீறும், அதாவது தண்ணீரை இழுத்துக் குழைந்து பருக்கும்; மேலே இருக்கும் பூச்சைத் தள்ளும். ரெண்டு நாள் ஊறல் எந்த மூலைக்கு?

வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து பொடியாக வாங்காதீர்கள். சுட்ட கிளிஞ்சல் நீறும்வரை கிளிஞ்சல் வடிவத்திலேயே இருக்கும், கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கல் சுண்ணாம்பு என்றால் கட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். 100 கிலோ கல் முழுதாக வெந்தால் 56 கிலோதான் மிஞ்சும். கனத்தால் உள்ளே வேகாத கல். ஒரு வாளித் தண்ணீரில் நாலைந்து கட்டி போட்டால் சில நிமிடத்தில் சீறிக் கொதித்துக் குழைய வேண்டும். அசையாமல் கிடந்தால் ஒன்று வேகாதது, இல்லை கருகியது, அதுவும் இல்லையென்றால் காற்றுப்பட்டு ஏற்கெனவே செத்தது. கண்ணில் தெறித்தால் பார்வையே போகும், தள்ளி நின்று செய்யுங்கள். இதையெல்லாம் பார்க்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டோம். மேஸ்திரி தானே போய்ப் பார்த்து வாங்கிய கிளிஞ்சல் சுண்ணாம்பு இப்போது தொட்டியில் ஊறுகிறது. ஒரு மாதம் கழித்து, சலித்த பிறகுதான் சுவரில் ஏறும் என்று சொல்லிவிட்டார்.